சாயங்கால எடை

தெய்வம்மாளுக்கு நான் பண்ணுனத உபகாரம்னு சொல்ல மாட்டனுங்க. அவ பட்டதக் கேட்டதுல, அந்த எஸ்டேட் கிளார்க் ஹெர்பர்ட் மேல எனக்கும் வெறி இருந்துச்சு. அத மறைச்சு என்ன ஆகப்போகுது.

அது எண்பத்தொம்பதாம் வருசம். குன்னூர்ல டைப்பிங் இன்ஸ்டிடியூட் வெச்சிருந்தேன், ரெண்டு கம்ப்யூட்டரும் வாங்கிப் போட்டிருந்தேன். தெய்வம்மா இலங்கையில பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல பொறந்தவ. எண்பத்திரெண்டுல கப்பலேறி வந்து, மண்டபம் முகாம்ல கெடந்து, வெள்ளிப்பாறை எஸ்டேட்டுல கொழுந்து பறிக்கச் சேந்தவ. ஏழு வருசமாத் தற்காலிகம். வருசத்துல எரநூத்தி நாப்பது நாள் வேலை செஞ்சிருந்தா நிரந்தரம் பண்ணோணும். இல்லீன்னா எஸ்டேட்டுல குடுத்த லயத்து ஊட்டக் காலி பண்ணோணும். ஹெட் கிளார்க் ஹெர்பர்ட் கைப்பட எழுதுன வருகைப் பதிவுல அவளுக்கு நூத்தித் தொண்ணூறு நாள்தான்.

"அங்க கள்ளத்தோணின்னாங்க. இங்க இந்தாளு, சிலோன்காரி கெளம்புங்கறான். இனி எந்தக் கப்பல்ல ஏறுறது, மாஸ்டர்?"னு என்கிட்ட கேட்டா.

அவ லேபர் ஆபீசுல மனுப் போட்டா. கொழுந்து எடை பதிஞ்சிருந்தா அன்னைக்கு வேலைக்கு வந்திருக்கான்னு ஆகுமே, அதனால விசாரணை அதிகாரி ஃபேக்டரியோட எடைக் கணக்கக் கேட்டாரு. ஹெர்பர்ட் இளிச்சுக்கிட்டே ஒரு ஃப்ளாப்பியக் குடுத்தான். "கேட்டது இதுல இருக்கு, படிச்சுக்குங்க"ன்னான். ஃபேக்டரி மெசின் ரிப்பேராம். அந்த புரோகிராம எழுதுனவனும் எப்பவோ போயிட்டானாம். எவனாலயும் தொறக்க முடியாதுங்கற கொழுப்பு.

அதிகாரி அத அவகிட்டக் குடுத்தனுப்ப, அவ என்கிட்டக் கொண்டாந்தா. நானும் தொறந்து பாத்தனுங்க. ஃபைல் பேருக்கு வால்ல டி, ஏ, டி. ஊர்ல பாதிப்பேருக்கு ஒரே இனிஷியல் இருக்கற மாதிரி, எல்லா புரோகிராமும் வெச்சுக்கற வால் அது. எதுல உண்டாக்குனதுன்னு அத வெச்சுச் சொல்ல முடியாது. உள்ள இடைவெளியே இல்லாம வெறும் நம்பர். தேதி தெரிஞ்சுது, ஆள் நம்பர் தெரிஞ்சுது. ஒரு நாளைக்கு ஒரு எடைன்னு வெச்சு அந்த நம்பர வரிவரியா வெட்டுனேன். ரெண்டாவது வரியிலயே கோணிப்போச்சு. விடிஞ்சா விசாரணை. "போச்சு தெய்வம்மா"ன்னேன்.

"ஒண்ணாவா வெட்டுறீங்க?"ன்னு கேட்டா. "கொழுந்து மூணு தரம் நிறுப்பாங்க மாஸ்டர். காலை, பகல், சாயங்காலம். மூணாக்குங்க."

எனக்கு என்னையே அறையோணும்போல இருந்துச்சு. மூணாக்குனேன். வரியெல்லாம் நேரா நின்னுது. ஆனாலும் சரிதானான்னு எப்படி நம்பறது?

"என் நம்பர் நூத்திப்பதினேழு. பிப்ரவரி பதினெட்டப் பாருங்க. அன்னைக்குச் சாயங்காலம் சைபர் இருக்கணும்"னா. அன்னைக்கு நிறுக்கற எடத்துல தாகம் தாங்காம தண்ணி கேட்டிருக்கா. "எடை முடியட்டும்"னானாம் ஹெர்பர்ட். அவ போயிக் குடிச்சுட்டு வர்றதுக்குள்ள அவ கொழுந்தக் கீழ கொட்டி மிதிச்சுட்டான்.

திரையில பாத்தேன். ஒம்பது, பதினொண்ணு, சைபர்.

அப்புறம் என்னங்க, அவ வரிய மட்டும் பிரிச்சு, எந்த மெசின்லயும் படிக்கற மாதிரி சாதா எழுத்தா மாத்தி, பிரிண்ட் எடுத்தேன். ஏப்ரல்ல இருந்து மார்ச் வரைக்கும் எரநூத்தி அறுவத்திமூணு நாள். வல்லவனுக்கு வல்லவன் வையகத்துல உண்டுன்னு ஹெர்பர்ட்டுக்கு யாரும் சொல்லல போல.

விசாரணைக்கு நானும் போனேன். அதிகாரி காகிதத்தப் பொரட்டிட்டு, "போதும்மா, நாள் சரியாத்தான் இருக்கு"ன்னாரு.

"போதாதுங்க ஐயா. வேலைக்கே வரலைன்னு எழுதுனது அவரு கைதான். வந்தேன்னு அவரு வாயால படிக்கட்டும்"னா தெய்வம்மா.

அதிகாரி காகிதத்த ஹெர்பர்ட் பக்கம் தள்ளுனாரு. அவன் படிச்சான். காலை இவ்வளவு, பகல் இவ்வளவு, சாயங்காலம் இவ்வளவு. நூறு நாளத் தாண்டறப்பத் தொண்டை கட்டிருச்சு. பிப்ரவரி பதினெட்டு வந்தப்ப சைபருங்கறத முழுங்கப் பாத்தான். "சத்தமாப் படிங்க"ன்னாரு அதிகாரி.

தண்ணிச் சொம்பு தெய்வம்மா பக்கம் இருந்துச்சு. ஹெர்பர்ட் அதுக்குக் கைய நீட்டுனான். அவ சொம்ப எடுத்துத் தன் மடியில வெச்சுக்கிட்டா.

"எடை முடியட்டும்"னா.