பாக்கியவதி வீட்டுச் சாம்பல் கிளி

பேசும் கிளிக்கு ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "நல்லாப் பேசுமா?" என்பதுதான். எத்தனை வருஷம் பேசும், யாரோடு பேசும், பேச ஆளில்லாவிட்டால் என்ன செய்யும் என்று ஒரு மகராசனும் கேட்பதில்லை. பாக்கியவதியின் மகன் டென்சிலும் கேட்கவில்லை.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. கோலார் தங்கவயலான கேஜிஎஃப்பிலிருந்து வேலைக்குப் போகிற பலரைப் போல அவனும் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவன். அப்பாவின் முகத்தை வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அப்பா வால்டருக்கு எழுபது வயது. இருபத்தைந்து வருஷம் சுரங்கத்துக்குள் பாறையில் துளை போட்டவர். சுரங்கத்தை மூடியபோது வேலை போயிற்று. நெஞ்சுக்குள் இறங்கிய கல்தூசி மட்டும் போகவில்லை. பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். நாள் முழுக்க முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். தன்னால் கொடுக்க முடியாத துணையை ஒரு பறவையாவது கொடுக்கட்டும் என்று மகன் நினைத்தான்.

அவனோடு வேலை பார்த்த மமதா வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஆறு வயதில் ஓர் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி இருந்தது. டென்சில் ஒரு வாரம் ரயிலில் தூங்காமல் வீடியோ பார்த்தான். எல்லா வீடியோவிலும் கிளி பேசியது, பாடியது, விசிலடித்தது. கூண்டுக்குக் கீழே யார் துடைக்கிறார்கள் என்று எதிலும் காட்டவில்லை. கிளிக்குப் பதிவுக் காகிதம் இருக்கிறதா என்று கேட்டு, முறையாகத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். அந்த ஒரு விஷயத்தில் பையன் ஒழுங்கு.

மைசூர் மைன்ஸ் குடியிருப்பில் அவர்கள் இருப்பது சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய பழைய லைன் வீடு. முன்னறை ஒன்று, அடுப்படி ஒன்று, பின்னால் தகரம் போட்டு இழுத்துக் கட்டிய குளியலறை. அங்கே ஓர் ஆள் உயரக் கூண்டைக் கொண்டுவந்து இறக்கினால் எங்கே வைப்பது? வால்டரின் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் வைத்தார்கள்.

"டாடிக்குப் பேச்சுத் துணைக்கு, மம்மி" என்றான் டென்சில்.

"நான் இன்னா ஊமையாடா?" என்று கேட்டாள் பாக்கியவதி. அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

சாம்பல் கோட்டு, சிவப்பு வால், தலையைச் சாய்த்துத் தப்புக் கண்டுபிடிக்கிற பார்வை. வால்டர் அதற்கு போர்மேன் என்று பேர் வைத்தார். அவர் வேலை பார்த்த காலத்தில் மேலே இருந்த போர்மேன் ஒருவர் இப்படித்தான் பார்ப்பாராம். முதல் வாரம் கிளி வாயே திறக்கவில்லை. இரண்டாம் வாரம் கதவு நிலையைக் கொத்திச் சிராய் சிராயாகப் பிய்த்துப் போட்டது. பொழுது விடிந்தாலும் சரி, சாய்ந்தாலும் சரி, தொண்டை கிழியக் கத்தியது. ஐந்தாவது வீட்டு பார்வதம்மா வந்து யாருக்கு என்ன ஆச்சு என்று விசாரித்துவிட்டுப் போனாள். சோறு போட்டால் ஆயிற்று என்று நினைத்திருந்தார்கள். அதுவோ பழம், காய், முளைகட்டிய பயறு எல்லாம் தினமும் புதிதாகக் கேட்டது. கடித்து விளையாட மரக்கட்டை கேட்டது. குளிக்கத் தண்ணீர் கேட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டது. இத்தனையும் செய்ய டென்சில் வீட்டில் இல்லை. வால்டரால் எழுந்து நடக்க முடியாது. மிச்சமிருந்தது யார்? அறுபத்துநாலு வயதில் முட்டி வலியோடு ஒரு பொம்பளை.

அப்புறம் அந்த வெள்ளைத் தூள். இந்தச் சாதிக் கிளியின் இறகிலிருந்து சலித்த மாவு மாதிரி ஒன்று உதிர்ந்துகொண்டே இருக்கும். கிளி ஒரு தடவை உடம்பை உதறினால் நாற்காலி, டீவி, வால்டரின் சட்டைத் தோள்பட்டை எல்லாம் வெளுத்துவிடும். கூண்டுக்குள்ளேயே அடைத்து வைத்திருந்தாலாவது அளவோடு இருந்திருக்கும். வால்டர் அதற்கும் விடவில்லை. ஆயுசில் பாதியைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜ் கூண்டில் ஏறி இறங்கியவன் நான், அதுக்குள்ளே நிற்கிற கஷ்டம் எனக்குத் தெரியும் என்று கதவைத் திறந்தே வைத்தார். கிளி அவர் தோளிலேயே குடியிருந்தது.

பாக்கியவதி காலையிலும் சாயங்காலமும் ஈரத்துணியால் துடைத்தாள். ஒரு நாள் கறுத்த துணி வெள்ளையானதை அவர் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"இருபத்தஞ்சு வருசம் கல்லுத் தூசி முழுங்கினவன் நான். இந்தக் கிளிப் பவுடரா என்னச் சாய்க்கப் போவுது?" என்றார் அவர்.

"சாய்ச்சா தூக்கறது நான்தான?" என்றாள் அவள்.

அந்த ஊர்க்காரர்களுக்கு இது ஒரு கர்வம். தூசி என்றால் கல்தூசிதான், மற்றதெல்லாம் முகப்பவுடர். அந்தக் கர்வத்தில் அவளுக்கும் பங்கு உண்டு; இல்லாவிட்டால் அன்றைக்கே மகனைக் கூப்பிட்டுக் கிளியைத் திருப்பி அனுப்பியிருப்பாள். துணியை அலசிப் போட்டுவிட்டு உலை வைக்கப் போனாள்.

அனுப்ப மனம் வராததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. வால்டர் பேச ஆரம்பித்திருந்தார். முப்பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவர் அவளிடம் பேசியதெல்லாம் சோறு, மாத்திரை, கரண்ட், தண்ணி. கிளியிடமோ கதை கதையாகச் சொன்னார். ஒரு மத்தியானம் அவள் அடுப்படியில் பயறு புடைத்துக்கொண்டிருந்தபோது, சுரங்கத்துக்குள்ளே பாறை வெடித்துச் சரிந்த நாளைச் சொன்னார். கூட்டாளி ஃப்ரெடி தண்ணி பாட்டிலை மறந்துவிட்டான் என்று இவர்தான் அவனைத் திரும்ப அனுப்பினாராம். அனுப்பிய பக்கம்தான் சரிந்ததாம். ஃப்ரெடி செத்தது அவளுக்குத் தெரியும், சாவுக்குப் போயிருக்கிறாள். அனுப்பியது இவர் என்று தெரியாது. முறத்தைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றாள். என்னிடம் சொல்லாததை ஒரு பறவையிடம் சொல்கிறாரே என்று வயிறு எரிந்தது. சொல்லவாவது ஒன்று கிடைத்ததே என்றும் இருந்தது.

நாலாம் மாதம் கிளி பேசியது. ஞாயிற்றுக்கிழமை, பாக்கியவதியும் மகனும் சர்ச்சிலிருந்து வந்து உட்கார்ந்தபோது, "பாக்கியம்!" என்று வால்டரின் குரலில் கூப்பிட்டது. மூச்சு இழுத்து, கடைசி எழுத்தில் கரகரத்து, அச்சு அசலாக அவரேதான். டென்சில் கை தட்டினான். உடனே கிளி, "தோ வரேன்" என்றது. அது பாக்கியவதியின் குரல்.

எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நாள் போகப் போகத்தான் சிரிப்பு அடங்கியது. கிளி வேறு எதையும் பேசவில்லை. இடையிடையே அவரைப் போல இருமும். மறுபடி "பாக்கியம்", "தோ வரேன்", "பாக்கியம்", "தோ வரேன்". இந்த வீட்டில் நாள் முழுக்க நடக்கிற பேச்சே அவ்வளவுதான் என்று அது கண்டுபிடித்துவிட்டது. அவர் கூப்பிடுவார், அவள் வருகிறேன் என்பாள், பால் பொங்கும், குழாயில் தண்ணி வரும், போகமாட்டாள். போர்மேன் என்ற பேர் பொருத்தம்தான் என்று அலுத்துக்கொண்டாள்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு இருமலுக்கும் ஓடினாள். போய்ப் பார்த்தால் வால்டர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார், கிளி இவளைத் தலை சாய்த்துப் பார்க்கும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏமாந்தால் எந்தக் கால்தான் ஓடும்? ஓடுவதை விட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். முன்னறையில் இருமல். அப்புறம் "பாக்கியம்". இந்தச் சனியனுக்கு வேலையில்லை என்று நினைத்தாள். மறுபடி "பாக்கியம்", கொஞ்சம் மெதுவாக. அவள் வாய் திறக்குமுன் அவள் குரலிலேயே "தோ வரேன்" என்று பதில் போயிற்று. கிளியே கூப்பிட்டு, கிளியே பதில் சொல்கிறது என்று மிச்ச மீனையும் கழுவி முடித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது வால்டர் நாற்காலிக்குக் கீழே கிடந்தார், உதடு நீலமாக. இரண்டு தடவையும் கூப்பிட்டது அவர்.

பார்வதம்மாவின் மகன் ஆட்டோ வைத்திருந்தது ஏசப்பா செயல். கோலார் ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜன் வைத்த பிறகு அவர் முகத்துக்கு நிறம் வந்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார், வால்டரின் தொழிலைக் கேட்டார். பிறகு சட்டையின் தோள்பட்டையை விரலால் தொட்டுப் பார்த்து, வீட்டில் பறவை வளர்க்கிறீர்களா என்று கேட்டார். நல்ல நுரையீரலையே கெடுக்கக்கூடிய தூள் இது, ஏற்கெனவே கல்லாகிப்போன நுரையீரலோடு ஒரே அறையில் இதை வைக்கலாமா என்று அவர் கடிந்துகொண்டபோது பாக்கியவதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிளியா, மூச்சா, வீட்டில் ஏதாவது ஒன்றுதான் இருக்கும் என்று முடித்துவிட்டார்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். டென்சில் ராத்திரி வீடு திரும்பி, கூண்டை உற்றுப் பார்க்காமல் கிளிக்குத் தீனி போட்டுவிட்டுப் படுத்தான். லீவு கிடைக்கவில்லை. பத்தாம் நாள் துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள் கூண்டைப் பார்த்துத் திடுக்கிட்டாள். கூண்டுக்குள் சாம்பல் இறகு குப்பையாகக் குவிந்திருந்தது. பகலெல்லாம் ஆளில்லாத வீட்டில் கிளி தன் நெஞ்சு இறகை எல்லாம் தானே பிடுங்கிப் போட்டிருந்தது. உரித்த கோழி மாதிரி தோல் தெரிந்தது. அவளைப் பார்த்ததும், "பாக்கியம்" என்றது.

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். கிளிக்காகவா, தனக்காகவா என்று அவளுக்கே விளங்கவில்லை. உடம்பில் ஒரு எலும்பு பாக்கியில்லாமல் வலித்தது.

முடிவு அன்றைக்கே எடுத்துவிட்டாள். பக்கத்திலுள்ள பூதிகோட்டை ஊரில் விநாயக் என்று ஒருவர், கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்றவர், தோட்டத்தில் பெரிய வலைக்கூண்டு கட்டிப் பறவை வளர்க்கிறார் என்று பார்வதம்மா சொல்லியிருந்தாள். அவரிடம் இதே சாதியில் ஒரு பெண் கிளி தனியாக இருந்தது. அவர் போனிலேயே நூறு கேள்வி கேட்டார்: வயது என்ன, என்ன தின்னும், காகிதம் இருக்கிறதா, எதற்குப் பயப்படும். கிளிக்கு இன்னும் நாற்பது வருஷம் ஆயுசு இருக்கலாம், அதனால் தன் மகளையும் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன் என்றார். இந்தக் கேள்விகளை என் பிள்ளை எட்டு மாதம் முன்னால் கேட்டிருக்கக் கூடாதா என்று பாக்கியவதிக்கு ஆத்திரமாக வந்தது. மகள் சம்மதித்தாள்.

வால்டரிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அதுவும் போச்சுன்னா நான் யார்கிட்ட பேசறது?" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. நான் இன்னா கல்லா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கிளி அவளிடமிருந்து கற்றுக்கொண்ட "தோ வரேன்" அவளுக்கு ஞாபகம் வந்தது.

டென்சில் அரை நாள் லீவு எடுத்து ஆட்டோ பிடித்து, காகிதத்தோடு கிளியைக் கொண்டுபோனான். அவளும் கூடப் போனாள். விநாயக் கூண்டைத் திறந்து வலைக்குள் விட்டார். போர்மேன் ஒரு கிளையில் ஏறி, அந்தப் பக்கத்துக் கிளியைத் தலை சாய்த்துப் பார்த்தது. இவர்கள் கேட்டைத் தாண்டும்போது பின்னால் "பாக்கியம்" என்று வால்டரின் குரல் கேட்டது. டென்சில் நின்றான். அவள் நிற்காமல் நடந்தாள்.

வால்டர் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆயிற்று. கூண்டு இருந்த இடத்தில் தரை சதுரமாக வெளுத்திருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பாக்கியம்."

"தோ வரேன்" என்று வாய் தானாகச் சொல்லிற்று. சொன்னது தன் காதிலேயே கிளி சொன்னதைப் போல விழுந்தது. கீரையை அப்படியே போட்டாள். அடுப்பை அணைத்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து முன்னறைக்குப் போனாள்.

"இன்னாங்க?"

வருவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போல. "ஒண்ணுமில்ல. சும்மாதான்" என்றார்.

வேறு நாளாயிருந்தால் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருப்பாள். ஸ்டூலை இழுத்து வெள்ளைச் சதுரத்தின் மேல் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு பேரும் வாசலைப் பார்த்தார்கள். தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவளுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது, இருந்தும் எழுந்திருக்கவில்லை.

"ஃப்ரெடிக்கு அன்னிக்கு இன்னா ஆச்சுன்னு ஒங்கிட்ட சொல்லிக்கிறேனா?" என்று கேட்டார் வால்டர்.

"இல்லியே. சொல்லுங்க" என்றாள் பாக்கியவதி.