டோனர்

மாமாவுக்கு இரண்டு கிட்னியும் பழுதான வருஷம் நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். மாமா என்றால் அம்மாவின் ஒரே அண்ணன். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தார். அப்பா அங்கேதான் கட்டிங் மாஸ்டர். மங்கலத்தில் நாங்கள் குடியிருந்த வீடும் மாமாவுடையது. ஆகவே மாமாவுக்குத் தலை வலித்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் தைலம் தடவிக்கொள்வோம்.

டோனர் என்ற சொல் அப்போதுதான் வீட்டுக்குள் வந்தது. பரிசோதனையில் மாமா மகனின் கிட்னியும் மாமாவுக்குப் பொருந்தியது, அம்மாவுடையதும் பொருந்தியது. "பையனுக்குப் பொண்ணு பாத்துட்டிருக்கறமுங்க. உடம்புல கத்தி பட்டுதுன்னா யாரு பொண்ணு குடுப்பாங்க?" என்றார் அத்தை. அம்மாவுக்குக் கல்யாணம் முடிந்திருந்ததால் அந்தச் சிக்கல் இல்லை.

அன்று மாலை அப்பா மாமா வீட்டிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நாம குடுக்கறோம்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன்" என்றார்.

சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த அம்மா, "நாம" என்று தனக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு அடுத்த மாவு உருண்டையை எடுத்தாள்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் அப்பாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அம்மாவிடம் பேசினார். நான் அம்மாவின் முந்தானையை விடாததால் என்னை மட்டும் உள்ளே இருக்க விட்டார்.

"யாராச்சும் கட்டாயப்படுத்தறாங்களாம்மா? இஷ்டமில்லைன்னா இப்பவே சொல்லுங்க. உங்க உடம்பு ஒத்துக்காதுன்னு நாங்க சொல்லிக்கறோம். உங்க மேல பழி வராது."

அம்மா கதவைப் பார்த்தாள். கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியில் அப்பாவின் செருப்பு தெரிந்தது.

"இல்லீங்க டாக்டர். நானாத்தான் குடுக்கறனுங்க."

பஸ்ஸில் வரும்போது அப்பா சொல்லிக்கொடுத்த வாக்கியம் அது. கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடமாகியிருந்தது. அம்மா ஒரு சொல் பிசகாமல் சொன்னதில் எனக்குப் பெருமை.

மாமா பிழைத்துக்கொண்டார். அம்மாவால் அதன் பிறகு நிறைகுடம் தூக்க முடியவில்லை. சில மாதம் கழித்து முருகன் கோயில் மண்டபத்தில் மாமா அன்னதானம் போட்டார். கம்பெனி ஆட்களெல்லாம் வந்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் மாமா மைக்கைப் பிடித்து அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டார், பொன்னாடை போர்த்தினார்.

"எங்க மாப்பிள்ளை பெரிய மனசு பண்ணிக் குடுத்தாருங்க. இல்லீன்னா இன்னைக்கு நான் இல்லீங்க."

மண்டபமே கைதட்டியது. நானும் கை சிவக்கத் தட்டினேன். பெண்கள் பந்தியில் அம்மா இடுப்பை ஒரு கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அத்தை அவள் இலையில் இன்னொரு லட்டு வைத்துவிட்டுப் போனார்.

திரும்பி வருகையில் அப்பா பொன்னாடையைக் கழற்றாமல் பஸ்ஸில் முன்னால் நின்றுகொண்டு தெரிந்தவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இங்கிலீஷ் டீச்சரிடம் டோனர் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொன்னேன். டொனேட் என்பது லத்தீன் மொழியிலிருந்து வந்ததாம். அந்த லத்தீன் சொல்லும், வடமொழியிலிருந்து நமக்கு வந்த தானமும் ஒரே வேரில் பிறந்தவையாம்.

"டோனர்னா தானம் குடுக்கறவங்கம்மா. நீதான் டோனர். அன்னதானம், கன்னிகாதானம் எல்லாத்துலயும் வருதுல்ல, அதே தானம்."

அம்மா, "கன்னிகாதானத்துல பொண்ணா குடுக்குது, கண்ணு?" என்றாள். "பொண்ணத்தான குடுக்கறாங்க."

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அதனால்தான் குழப்பிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட பிறகும் விடாமல், டீச்சர் சொன்ன மாதிரியே, பொறுமையாக, மறுபடியும் முதலிலிருந்து விளக்கத் தொடங்கினேன்.