சோப்பில் எழும்பிய சிங்கம்

அந்த ஒரு ரூபாய்க் குற்றி பொலிஸ் நிலைய மேசையில், கண்ணாடித் தட்டின் மேல் கிடந்தது. அதன் ஒரு பக்கத்தில் வாள் ஏந்திய சிங்கம், எல்லாக் காசுகளிலும் இருப்பதுபோல மேலெழுந்து நின்றது. மறுபக்கத்தில், இலக்கம் இருக்கவேண்டிய இடத்தில், அதே சிங்கம் திசைமாறி உலோகத்துக்குள் புதைந்து கிடந்தது. இன்ஸ்பெக்டர் அதை நகத்தால் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "நாட்டின் சின்னத்தை இப்படிச் செதுக்கியது யார்? இதை யாரிடம் இரகசிய அடையாளமாகக் காட்டுகிறாய்?" என்று சிங்களத்தில் கேட்டார். அதை நான் அத்தானுக்குத் தமிழில் சொன்னேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு பல் வைத்தியரிடம் பொய்ப்பல் கட்டும் வேலை செய்தார். வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், மேல்மாடி வீட்டில் நாங்கள் மூவரும் இருந்தோம். கிருலப்பனையில் ஒரு கந்தோரில் வேலை பார்த்ததால் எனக்குச் சிங்களம் சரளம். அவருக்குக் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான். பேச்சுக் குறைந்த மனிதர். காசைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறப்பார், அதுவும் அதன் பெறுமதியைப் பற்றியல்ல. அச்சடிக்கும்போதே பிழைத்துப்போன காசுகளைத் தேடிச் சேர்த்தார். தேய்ந்ததையும் நெளிந்ததையும் கொண்டுவந்து காட்டுகிறவர்களிடம் முகத்துக்கு நேரே, "இது பிழை இல்லை, இது காயம்" என்பார். பலர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு பொய் சொன்னால் இவருக்கு என்ன குறைந்துவிடும் என்று அக்கா சலித்துக்கொள்வாள்.

அந்தக் குற்றி பஸ்ஸில் மிச்சக் காசாக வந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு நண்பருக்குக் காட்டவென்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புறப்பட்ட காலையில்தான் படையினரும் பொலிஸாரும் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்த சிப்பாய் பையைக் கவிழ்க்கச் சொன்னான். காசைக் கண்டதும் மற்றவனைக் கூப்பிட்டான். அத்தானை ஜீப்பில் ஏற்றினார்கள். அக்கா வயிற்றில் பிள்ளையோடு வாசலில் நின்றாள். அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டு நான் ஜீப்பின் பின்னால் ஓட்டோ பிடித்துப் போனேன். அந்தப் போர் நாட்களில் அப்படிக் கொண்டுபோன பலர் திரும்பி வர மாதங்களானது. சிலர் வரவேயில்லை. வழிநெடுக எனக்கு அந்த நினைவுதான்.

இன்ஸ்பெக்டரின் கேள்விக்கு அத்தான், "செதுக்கினது இல்லை. முதல் அடிச்ச காசு கீழ விழாமல் அச்சிலயே ஒட்டிப்போச்சு. அடுத்த தகடு அந்தக் காசிலதான் அடிபட்டிருக்கு" என்றார். நான் மொழிபெயர்த்தேன். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. அத்தான் சுற்றிலும் பார்த்துவிட்டு, கைகழுவும் தொட்டியருகே இருந்த சோப்பைக் காட்டி, "அதைக் கேள் பிள்ளை" என்றார். ஒரு கான்ஸ்டபிள் அதை எடுத்துக் கொடுத்தான். அத்தான் ஈரத்தைத் துடைத்து, காசின் புதைந்த பக்கத்தை அதில் வைத்துப் பெருவிரலால் அழுத்தி எடுத்தார். சோப்பின் மேல் சிங்கம் எழும்பி நின்றது. திசை சரி, வாள் சரி, சுற்றியிருந்த இதழ்கள் எல்லாம் சரி. "கையால வெட்டினால் உளி இழுத்த தடம் இருக்கும், ஓரத்தில உலோகம் பிதுங்கி நிக்கும். இதில ஒண்டும் இல்லை எண்டு சொல்லு."

இன்ஸ்பெக்டர் சோப்பை வெகுநேரம் பார்த்தார். பிறகு கான்ஸ்டபிளை வெளியே அனுப்பிவிட்டு, தன் பேர்ஸிலிருந்து ஒரு இரண்டு ரூபாய்க் குற்றியை எடுத்து அத்தானின் முன்னால் வைத்தார். அதன் ஓரத்தில் ஒரு ஆழமான குழி.

"இதுவும் அச்சில் வந்த பிழைதானே?" என்று கேட்டார்.

அவர் ஓம் என்ற பதிலையே எதிர்பார்க்கிறார் என்பது குரலில் தெரிந்தது. அத்தான் அதைக் கண்ணருகே கொண்டுபோனார். 'ஓம் எண்டு சொல்லுங்கோ, அத்தான்' என்று மனதுக்குள் மன்றாடினேன். அவர் காசை மேசையில் வைத்தார்.

"இல்லை. இது பிறகு பட்டது. குழியைச் சுத்தி விளிம்பு எழும்பியிருக்கு, மற்றப் பக்கம் புடைச்சிருக்கு. சின்னதா ஏதோ ஒண்டு, கடும் வேகமா வந்து பட்டிருக்கு."

அதை எப்படி மாற்றிச் சொல்லலாம் என்று யோசித்தேன். அவர் என் பக்கம் திரும்பி, "நான் சொன்னதை அப்பிடியே சொல்லு" என்றார். சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, தங்கச்சியை அழைக்கும் சிங்களச் சொல்லோடு சொன்னார்: "இராணுவத்துக்குப் போன என் தம்பியின் பையில் இருந்தது, நங்கி. வடக்கில் லொறி புரண்டு செத்தான் என்று எழுதியிருந்தார்கள். சவப்பெட்டியைத் திறக்க விடவில்லை. அம்மாவும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறா."

தம்பி எங்கே, யாரால் செத்திருப்பான் என்று அவர் யோசிக்கத் தொடங்கினால், எதிரே இருந்தது யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவர். ஆனால் இன்ஸ்பெக்டர் கேட்டது வேறு. "உடனே போயிருப்பானா? வலி தெரிந்திருக்குமா என்று கேள்."

கேட்டேன். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். "காசைப் பாத்து அதைச் சொல்ல ஏலாது. எனக்குத் தெரியாது எண்டு சொல்லு. கவலைப்படுறன் எண்டும் சொல்லு."

இன்ஸ்பெக்டர் தன்னுடையதை பேர்ஸில் வைத்துக்கொண்டார். எங்களுடையதை அத்தானின் பக்கம் தள்ளினார். "இதைப் பையில் கொண்டு திரியவேண்டாம். போங்கள்," என்றார். காலி வீதி என்ற பெருந்தெருவுக்கு வந்ததும் மூடியிருந்த ஒரு கடைப் படியில் இருவரும் உட்கார்ந்துவிட்டோம்.

இன்றைக்கு நான் பாமன்கடையில் இருக்கிறேன். கொழும்பில் இப்போது யாரும் யாருடைய பையையும் கவிழ்க்கச் சொல்வதில்லை. ஆனாலும் அன்று அத்தான் ஏன் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. ஒரு முறை கேட்டேன். "அந்த மனிசன் உண்மையைத்தானே கேட்டவர்" என்றார், அவ்வளவுதான்.

அக்காவுக்குக் குழந்தை பிறந்து சில வாரங்களில் ஒழுங்கையை மறுபடி சுற்றிவளைத்தார்கள். இம்முறை எங்கள் படியேறி வந்தது அதே இன்ஸ்பெக்டர். கான்ஸ்டபிள்கள் அறைகளைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்: "அத்தானிடம் சொல், நங்கி. அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்."

அவர்கள் இறங்கிப் போனபின் சொன்னேன். அத்தான் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"அந்த அம்மா என்ன சொன்னவவாம்?"

எனக்கு அதைக் கேட்கத் தோன்றியிருக்கவில்லை. படியால் இறங்கி ஓடினேன். ஜீப் காலி வீதிக்கு ஏறிவிட்டிருந்தது.