'போச்சு' என்றேன்

மிக்ஸியின் வயர் கருகும் மணம் எழுந்தால் போதும், பிளக்கைப் பிடுங்குவேன். பிடுங்கியதை இன்னொரு தரம் பார்ப்பேன். சமையலறையில்தான் நிற்கிறேன், கால் என்னவோ அண்டியாபீசின் சிமெண்டுத் தரையில்.

பத்மநாபபுரத்துக்கு மேற்கே, முந்திரிக்கொட்டை உடைத்துப் பருப்பெடுக்கும் அந்த அண்டியாபீசில் நான் எழுத்து வேலைக்காரன். லாரி வந்த நேரம், சாக்கு எண்ணிக்கை, ஆள் வருகை. சான்றிதழ் வைத்திருந்த எலக்ட்ரீசியன் விலகிப் போனபின், மின்வேலைக்கான அனுமதித் தாளில் ஒப்புப் போடுவதையும் முதலாளி என் மேசைக்குத் தள்ளிவிட்டார். 'மின்சாரம் துண்டிக்கப்பட்டது, சரிபார்த்தேன்' என்று அச்சிட்டிருக்கும். கீழே ஒரு கோடு. என்னிடம் டெஸ்டர்கூடக் கிடையாது. கோடு காலியாக இருந்தது, என் கையெழுத்தால் நிரப்பினேன்.

பராமரிப்புக்காக மின்வாரியம் பகல் முழுக்க கறண்டை நிறுத்தும் நாளில்தான் எங்கள் வயர் வேலைகள் நடக்கும். அன்றைக்கு, உலர்த்தும் அறைக் கூரையில் பழைய வயரை மாற்ற, வளைகுடாவில் கேபிள் இழுத்துவிட்டுத் திரும்பிய ஒருவர் வந்தார். என் வயதுதான். லைசென்ஸ் இல்லை. அவருக்கான தாளிலும் ஒப்புப் போட்டேன். தோல் உரிக்கிற பெண்களில் ஒருத்தி, "ஏணிக்கு உங்களவிட வயசு கூட, அண்ணாச்சி," என்றாள். அவரும் சிரித்துக்கொண்டே ஏறினார்.

மேலேயிருந்து கேட்டார்: "சாரே, கறண்டு போச்சா?"

"போச்சு," என்றேன்.

அவர் கேட்டது, மெயின் சுவிட்சை இறக்கியாச்சா என்று. நான் சொன்னது, வாரியக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள் என்று. சுவிட்சின் கைப்பிடி மேலேயே நின்றது. அதன் அடியில்தான் நான் நின்றேன். அவரும் டெஸ்டர் வைத்துப் பார்க்கவில்லை. என் சொல் போதும் என்றிருந்தார்.

ஐந்து மணிக்கு வரவேண்டிய கறண்டு மூன்றுக்கே வந்தது. விசிறி இறக்கை மெல்ல அசைந்தது. காற்று என்று நினைத்தேன். அசைவு சுற்றானபோது கை சுவிட்சுக்குப் பாய்ந்தது, அதற்குள் மேலே நீலமாய் ஒரு வெட்டு, அந்த மணம், ஏணி சரியும் சத்தம். சாக்குக் குவியலில் விழுந்து கிடந்தார். சுவிட்சை இறக்கிவிட்டு அவரிடம் ஓடினேன். பிறகு அவர் இருமினார். வலது கையில் இரண்டு விரல் கருகியிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற என்னிடம் முதலாளி போனில் தணிந்த குரலில் பேசினார். அனுமதி இல்லாமல் அவராக ஏறினார் என்று எழுதவேண்டும், தாளைக் கிழித்துவிடவேண்டும். சரி என்றேன். சரி என்று சொன்ன வாயை நினைத்து நாலு இரவு தூங்கவில்லை. போலீசுக்குப் பயந்தேன், வேலைக்குப் பயந்தேன், அவர் மனைவி ஏறிட்டுப் பார்த்த பார்வைக்கு எல்லாவற்றையும்விடப் பயந்தேன்.

கிழிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்கு அனுப்பிய அன்று தக்கலை பஸ் நிறுத்தம்வரை கூடப் போய், தாளை அவர் இடது கையில் கொடுத்தேன். நடந்ததை உள்ளபடி சொன்னேன். யாரிடம் காட்டினாலும் என் ஒப்பு என்னுடையதுதான் என்றேன்.

அவர் நிதானமாக வாசித்தார். மடித்துச் சட்டைக்குள் வைத்தார். நாகர்கோவில் பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"இதுக்கு முன்ன இப்படி எத்தன பேருக்கு ஒப்புப் போட்டிருக்கிய, சாரே?"