கடலை எண்ணெயில் காய்ச்சிய சோப்பு

ஆனையூர் ஜோசபின் டீச்சர் மிஷன் பள்ளியில் நெடுங்காலம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். "கிலோவைப் பாத்து ஏமாறாதீங்கடி, மோலை எண்ணுங்க!" என்று கத்தியே தொண்டை கட்டிப்போனவர். எடை சமமென்றால் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமம் என்று எழுதிய பிள்ளைகள் அவரிடம் தப்பித்ததே இல்லை.

இப்போது அவருடைய கவலையெல்லாம் கணவர் மரியராஜின் கால்கள்தான். சர்க்கரை நோயில் மரத்துப்போன கால்கள். செருப்பு வழியில் கழன்று விழுந்தாலும் தெரியாமல் வீடு வந்து சேர்வார் மனிதர். ஒரு விரலை எடுத்தாயிற்று. இன்னொரு புண் வந்தால் பாதமே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைச் சோப்பே வேண்டாமென்று டீச்சர் வீட்டில் காய்ச்சத் தொடங்கினார். தேங்காய் எண்ணெய்க்கு எவ்வளவு காஸ்டிக் சோடா என்பது அவருக்கு மனப்பாடம்.

போன மாதம் தேங்காய் எண்ணெய் தீர்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக் கனகலட்சுமி கொடுத்த செக்குக் கடலை எண்ணெய் இருந்தது. தாளிக்கும்போது ஒன்று இல்லையென்றால் இன்னொன்றை அதே அளவு ஊற்றிப் பழகிய கைதானே? காஸ்டிக் கணக்கை மாற்றாமலேயே சோப்புக்கும் அதே அளவு ஊற்றிவிட்டது.

இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழன் வந்தது. மாலைப் பூசையில் பங்குச் சாமியார் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் மரியராஜும் ஒருவர். சாமியாரிடம் அழுக்குக் காலை யாராவது நீட்டுவார்களா? எல்லோரும் வீட்டிலேயே தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் போவார்கள். மரியராஜும் புதுச் சோப்போடு குழாயடியில் உட்கார்ந்தார்.

உள்ளே டீச்சர் கடுகு தாளிக்கக் கடலை எண்ணெயை ஊற்றினார். வாசம் மூக்கில் ஏறியதும் போன மாதம் காய்ச்சிய சோப்பு நினைவுக்கு வந்தது. எண்ணெயின் ஒரு மூலக்கூறுக்கு மூன்று காஸ்டிக். தேங்காய் எண்ணெய்க்கு மூலக்கூறு சின்னது, அதனால் கிலோவுக்கு எண்ணிக்கை அதிகம். கடலை எண்ணெயில் குறைவு. அப்படியென்றால் சேர ஆளில்லாமல் மிஞ்சிய காஸ்டிக்? தோலை அரிக்கிற அவ்வளவும் சோப்பில்தான் இருக்கிறது!

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினார். மரியராஜின் பாதங்கள் செக்கச்செவேலென்று இருந்தன.

"என்னங்க, எரியலையா?"

"எங்கிட்டு எரியுது? இம்புட்டு நல்ல சோப்பு இதுவரைக்கும் நீ காய்ச்சலையே!" இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் சோப்பைப் பிடுங்கி எறிந்தார். குழாயை முழுக்கத் திறந்து, அவர் கால்களை மடியில் வைத்து, சேலை நனைய நனையக் கழுவினார். குதிகாலில் தோல் வழன்றிருந்தது.

"ஃபாதர் கழுவுறதுக்கு மிச்சம் வைப்பியா?" என்று சிரித்தார் மரியராஜ்.

"கணக்கைத் தப்பாப் போட்டுட்டேங்க. கோயிலுக்குப் போக வேணாம், ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

மரியராஜ் குனிந்து தன் காலைப் பார்த்தார். யாரோ ஒருவர் காலைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"வலிச்சிருந்தா உன்னையத் திட்டவாச்சும் செஞ்சிருப்பேன், ஜோசபின்."

அதைக் கேட்டதும்தான் டீச்சர் அழுதார்.