எர்த் போல்ட்டும் பச்சைப் பெயிண்டும்

போன வாரம் கஞ்சிக்கோட்டில் ஒரு டீக்கடை முன்னால் காரை நிறுத்தி இறங்கிக் கதவைத் தொட்டேன். சுரீர் என்று விரல் நுனியில் ஒரு கடி. துள்ளிய துள்ளலில் கையிலிருந்த போன் சாக்கடை ஓரம் போய் விழுந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சிரித்தார். சிரிக்கட்டும். எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்து, ஆயுசு பூராவும் கரண்டு வேலை பார்த்தே சோறு தின்ற ஒருவன் தன் சொந்தக் காரிடம் அடி வாங்குவது பார்க்க நன்றாகத்தான் இருந்திருக்கும்.

மார்கழி பிறந்தால் இந்தப் பக்கம் அப்படித்தான். வாளையார் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று காய்ந்துபோய் வரும். உதடு வெடிக்கும், பாலியஸ்டர் சட்டையைக் கழற்றினால் படபடவென்று பொரியும். காற்றில் ஈரம் இருந்தால் நம்மேல் சேர்கிற மின்னூட்டம் சத்தமில்லாமல் கசிந்துவிடும். ஈரம் இல்லையென்றால் போக்கிடம் தெரியாமல் உடம்பிலேயே கிடந்து, இரும்பைக் கண்டதும் ஒரே தாவாகத் தாவும். பார்த்தீர்களா, ஷாக் அடித்த கையை உதறி முடிப்பதற்குள் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். இது பழைய வியாதி.

வியாதி பிடித்தது இதே கஞ்சிக்கோட்டில்தான். படிப்பு முடிந்த கையோடு, பிளாஸ்டிக் கவர் செய்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். தற்காலிகம்தான். ஒழுங்காக இருந்தால் தை மாதம் நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். உருகின பிளாஸ்டிக் வாசம் சட்டையிலும் தலைமுடியிலும் ஏறிவிடும். இன்றைக்கும் ஜவுளிக்கடையில் புதுக் கவரை உதறும்போது அந்த வாசம் வந்தால் என் மனைவி சேலையைப் பார்ப்பாள், எனக்கு ருக்மணியக்கா ஞாபகம் வரும்.

ருக்மணியக்கா வேலந்தாவளம் பக்கத்து ஊர்க்காரர். புருசன் இல்லை, இரண்டு பிள்ளைகள். மெஷினிலிருந்து மெல்லிய தாளாக ஓடி வருகிற பிளாஸ்டிக்கைச் சுருட்டுகிற இடத்தில் நிற்பார். சுருக்கம் விழாமல் அவரைப்போலச் சுருட்ட அங்கே ஆள் கிடையாது. பிளாஸ்டிக் தாள் உருளையில் உரசி ஓடும்போது மின்னூட்டம் ஏறும். அதை இறக்கத்தான் குறுக்கே ஒரு செம்புச் சரிகை கட்டியிருக்கும். சரிகை மெஷினின் உடம்போடு சேர்ந்திருக்கும், மெஷினிலிருந்து ஒரு எர்த் கம்பி மண்ணுக்குப் போகும். மண்ணுக்குப் போனால் தொல்லை முடிந்தது.

அந்த வருசம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் பொட்டு வைத்தால் போதாது, மெஷினுக்குப் பெயிண்ட் அடித்தாக வேண்டும். அடிக்கிற பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கிளிப்பச்சை. எர்த் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, போல்ட், சந்து, இடுக்கு என்று ஓர் இடம் விடாமல் இரண்டு கோட்டிங் அடித்தேன். காய்ந்ததும் பெயிண்டின் மேலேயே கம்பியை வைத்து முடுக்கினேன். பெயிண்டுக்குள் கரண்டு போகாது என்பது டிப்ளமோ வாங்காத பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பச்சை என்னவோ பளபளவென்று இருந்தது. மேனேஜர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒன்றும் தெரியவில்லை. மார்கழிக் காற்று வந்தது, மெஷின் கடிக்க ஆரம்பித்தது. பக்கத்தில் போனால் கை மயிர் எழுந்து நின்றது. மெஷினை ஒட்டியே நாள் பூராவும் ரப்பர் செருப்போடு நிற்கிற ருக்மணியக்காவின் மேல்தான் அதிகம் ஏறும். அவர் யாருக்காவது எதையாவது எடுத்துக் கொடுத்தால் இரண்டு பேர் விரலுக்கும் நடுவில் பொறி. கடித்தது மெஷின் என்பதை இரண்டே நாளில் மறந்துவிட்டார்கள். கடிப்பது ருக்மணி என்று ஆகிவிட்டது. அவர் மொண்டு வைத்த தண்ணீரைக் கீழே ஊற்றினார்கள்.

நான் சும்மா இருந்தேனா? டீ நேரத்தில் பாடம் எடுத்தேன். ஒரே வகை மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளும், வேறு வகை என்றால் இழுக்கும், தூரம் பாதியானால் விசை நாலு மடங்காகும் என்று சுவரில் கரியால் கணக்குப் போட்டுக் காட்டினேன். பக்கத்து மெஷின் தங்கவேலு கவனமாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் அந்தம்மாவிடமிருந்து எத்தனை அடி தள்ளி நின்றால் நல்லது என்று கேட்டார்.

மேனேஜர் என்ஜினீயரிங் பட்டம் வாங்கியவர். அவர் கூட்டிவந்தது பிரசன்னம் பார்க்கிற ஜோசியரை. ஜோசியர் சோழி உருட்டி, மெஷின் பக்கத்தில் நிற்கும் ஒரு ஸ்திரீயின் கைதோஷம் என்றார். அந்த மெஷினருகே நின்ற ஸ்திரீ ஒருவர்தான். இதைச் சொல்லச் சோழி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

அந்தச் சனிக்கிழமை காலையில் விழுந்த ஸ்பேனரை எடுக்கக் குனிந்தேன். எர்த் கம்பிக்கு அடியில் கிளிப்பச்சை தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்கு ருக்மணியக்கா நினைவு வரவில்லை, தை மாதம்தான் நினைவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாதபோது சுரண்டிவிடலாம் என்று நிமிர்ந்தேன்.

மத்தியானம் மேனேஜர் ருக்மணியக்காவைக் கூப்பிட்டு இனி வர வேண்டாம் என்றார். அக்கா நேராக என்னிடம் வந்து இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார்.

"ஏனுங் சார், நீங்க கரண்டு படிச்சவீங்க. எங்கையில அப்படி எதாச்சும் இருக்குதுங்களா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்பிக்கறனுங்க."

மேனேஜர் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நாள் ஊட்டுல ரெஸ்ட் எடுங்கக்கா, எல்லாம் செரியாகிவிடும் என்றேன். அவர் கையை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிளேடால் பெயிண்டைச் சுரண்டினேன். கால் மணி நேர வேலை. திங்கட்கிழமை மெஷின் பசுமாடு மாதிரி நின்றது. மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனேன். அதற்குள் தங்கவேலு மெஷினைத் தடவிப் பார்த்துவிட்டு ஊருக்கே அறிவித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்ளா சார், அந்தம்மா போனதும் எப்படி அடங்கிப்போச்சுன்னு."

ஜோசியருக்குக் கம்பெனி சார்பில் வேட்டி, துண்டு. எனக்குத் தை மாதம் நிரந்தரம். ஒத்திகையை நான் மனசுக்குள்ளேயே முடித்துக்கொண்டேன்.

டீக்கடையில் கை சுரீர் என்ற அன்றைக்குத்தான், இத்தனை வருசம் கழித்து, வேலந்தாவளத்துக்கு வண்டியைத் திருப்பினேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். மருமகள் வெளியே வந்தார். கம்பெனியில் கூட வேலை பார்த்தவன் என்றதும் உட்காரச் சொன்னார்.

"அத்தை போயி ரெண்டு வருசமாச்சுங்க. தங்கமான மனுசி. ஆனா கொழந்தைகள மட்டும் தொடவே மாட்டாங்க. என் கை ஆவாது சாமின்னு ஒதுங்கிக்குவாங்க. எம்மூணு பிள்ளைகள்ல ஒண்ணைக்கூட மடியில போட்டதில்லீங்க."

என்னால் உட்கார முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆயுத பூஜை, பெயிண்ட், எர்த் போல்ட், பிளேடு, தை மாதம். இந்த முறை தள்ளும், இழுக்கும் என்று ஒரு வார்த்தை பாடம் எடுக்கவில்லை.

"இத அன்னைக்கே அவீங்ககிட்ட வந்து சொல்லியிருக்கலாமுங்களே" என்றார் மருமகள்.

சொல்லியிருக்கலாம். அந்தக் கம்பெனியை இழுத்து மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது, மெஷினை எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் பயந்து நடுங்கிய மேனேஜரும் எங்கேயோ போய்விட்டார். அதற்குப் பிறகும் ருக்மணியக்கா இந்த வீட்டில்தான் பேரன் பேத்திகளைத் தொடாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்.