சிவசு விட்டுவந்த கப்பல் மணி

சென்ற வாரம் அமீரகத்தின் அல் ஐனிலிருந்து சிவசுவின் மகள் அழைத்தாள். "அங்கிள், அப்பா தூக்கத்துலயே போயிட்டாங்க. ரொம்ப பீஸ்ஃபுல்லா இருந்தாங்க." அவரோடு கடலில் இறங்கியவர்களில் சிலரே மிச்சம். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எழுபதுகளில் தோஹாவில் நாங்கள் ஒரே ரூமில் இருந்தோம். நான் பத்திரிகை நிருபர். அவர் தூத்துக்குடிக்காரர், சர்வேயர். வெள்ளிக்கிழமைகளில் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலில் மூழ்குவோம். குளிர்காலத்து வளைகுடா நீர் எலும்பைப் பிடிக்கும். எங்கள் உடுப்போ மெல்லிய ரப்பர். அதனால் சிவசு ஒரு விதி வைத்திருந்தார். ஆழத்தில் அவ்வப்போது கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுக் காட்ட வேண்டும். குளிரில் விறைத்து யாருக்கு முடியவில்லையோ, அப்போதே எல்லோரும் மேலே. "வெரல் சொன்ன பொறவு மூளைகிட்ட கேட்டுட்டு நிக்காதீரும் வே" என்பார்.

இன்று எரிவாயு நகரம் நிற்கும் ராஸ் லஃபான் அன்று வெறும் மணற்கரை. அதற்கு அப்பால் பழைய நீராவிக் கப்பல் ஒன்று மூழ்கிக் கிடந்தது. அதன் பெயர் யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கவென்றே சிவசு அந்த வருட லீவில் ஊருக்குப் போகவில்லை. "அந்தக் கப்பலையே கட்டிக்கிடச் சொல்லுங்க" என்று மனைவி சொல்லியனுப்பினார்.

லீவின் கடைசி நாளில் மணியைக் கண்டோம். கப்பலின் பெயர் அதில்தான் பொறித்திருக்கும். சிவசு கத்தியால் சிப்பிகளைச் சுரண்டினார். முதல் எழுத்தின் வளைவு தெரிந்தது. அப்போதும் என் விரலைக் காட்டச் சொன்னார், தொட்டுக் காட்டினேன். பிறகு தன் கையை உயர்த்தினார். கட்டைவிரல் பாதி வழியில் நின்றுவிட்டது. நான் சுரண்டுகிறேன் என்று கத்திக்குக் கை நீட்டினேன். அவர் மறுத்துத் தலையசைத்து, மேலே காட்டினார்.

படகில் ஏறியதும் கத்தினேன். "என் விரல் நல்லாத்தானே இருந்துச்சு! இன்னும் கொஞ்சம் இருந்தா பேரு தெரிஞ்சிருக்கும், சிவசு!"

பற்கள் கிட்டிக்க அவர் சிரித்தார். "ஒமக்கு இருந்துச்சு, எனக்கு மாஃபி, இல்ல வே. கப்பல் பேரத் தேடப் போயி, நாளைக்கு பேப்பர்ல என் பேரப் போட்டிருப்பீரு. கிளப்பும் வே படக, யல்லா!"

அந்த வாரமே வடகாற்று வீசி, மணல் கப்பலை மூடிவிட்டது. மீண்டும் தேடியும் மணி அகப்படவில்லை. அதற்காக அவர் வருந்தி நான் பார்த்ததில்லை. அடுத்த லீவில் ஊருக்குப் போனார். இப்போது என்னை அழைத்த மகள் அதன் பிறகு பிறந்தவள்.

அவர் பெயரைப் பேப்பரில் போடும் வேலை இத்தனை காலம் கழித்துத்தான் எனக்கு வந்திருக்கிறது: சிவசுப்பிரமணியன், தூத்துக்குடி. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த விதி ஒன்றைத்தான். இதை எழுத உட்காரும் முன்பும் கட்டைவிரலைச் சுண்டுவிரலிடம் கொண்டுபோனேன். கொஞ்சம் நேரமாயிற்று, ஆனால் தொட்டது.